கொழும்பில் ஆங்கில ஆசிரியராக வர நினைக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு

உயர்தரப் பெறுபேறு வெளியாகும் வாரத்தில் என் தொலைபேசி ஓயாது. "மிஸ், இங்கிலிஷ் ரீச்சரா வாறதுக்கு எந்தக் கோர்ஸ் நல்லது?" என்று பழைய மாணவிகள் கேட்பார்கள். பட்டம் முடித்து நியமனத்துக்குக் காத்திருப்பவர்களும் கேட்பார்கள். வெள்ளவத்தையில் வீட்டு வரவேற்பறையில் நாலைந்து பிள்ளைகளுக்கு ரியூசன் கொடுக்கும் இளம் தாய்மாரும் கேட்பார்கள். எல்லோருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கோர்ஸைப் பற்றி நாலாவது படியில்தான் வருவேன். அதற்கு முன் செய்ய வேண்டியவை இருக்கின்றன.

முதற்படி: எந்த வகுப்பறை என்று முடிவு செய்யுங்கள்

ஆங்கிலம் கற்பித்தல் என்று நாம் ஒரே சொல்லில் சொல்வது, கொழும்பில் குறைந்தது மூன்று வேலைகள்.

முதலாவது, தமிழ் மொழிமூலப் பாடசாலையில் ஆங்கிலத்தை இரண்டாம் மொழிப் பாடமாகக் கற்பிப்பது. பிள்ளைகள் தரம் 3இலிருந்து ஆங்கிலத்தை முறையான பாடமாகப் படிக்கிறார்கள். அதற்கு முந்திய இரண்டு வகுப்புகளிலும் செயற்பாடுகளோடு சேர்ந்த வாய்மொழி ஆங்கிலம் உண்டு. சாதாரண தரத்தில் ஆங்கிலம் கட்டாயப் பாடங்களில் ஒன்று. உயர்தரத்தில் பொது ஆங்கிலம் இருக்கிறது. அதாவது பாடசாலை வாழ்க்கை முழுக்க ஆங்கில ஆசிரியரின் தேவை தொடர்கிறது.

இரண்டாவது, இருமொழிக் கல்வி. 2001இல் உயர்தர விஞ்ஞானப் பாடங்களை ஆங்கிலத்தில் படிக்க அரச பாடசாலைகளில் மீண்டும் வழி திறந்தது. 2002இல் தரம் 6இலிருந்து சில பாடங்களுக்கு அது விரிந்தது. சமயம், தாய்மொழி, வரலாறு ஆகியவை பிள்ளையின் மொழியிலேயே தொடரும். கணிதம், விஞ்ஞானம் போன்றவற்றை ஆங்கிலத்தில் படிக்கலாம். இங்கே நிற்பவர் ஆங்கில ஆசிரியர் இல்லை, விஞ்ஞானமோ கணிதமோ படித்த ஆசிரியர். ஆனால் அவர் ஒவ்வொரு பாடத்திலும் மொழியையும் கற்பித்தாக வேண்டும். இந்த வகுப்புக்குத் தமிழ்ப் பக்கத்திலிருந்து ஆட்கள் போதவே போதாது என்பது என் அனுபவம். உங்களுக்கு ஒரு பாட அறிவும் ஆங்கிலமும் சேர்ந்து இருந்தால் இதைப் பற்றிக் கட்டாயம் யோசியுங்கள்.

மூன்றாவது தனியார் நிறுவனங்கள், சர்வதேசப் பாடசாலைகள், வேலைக்குப் போகும் வளர்ந்தோருக்கான மாலை வகுப்புகள். இவற்றில் அவரவர் நிபந்தனை அவரவருக்கு, நான் இதில் அதிகம் சொல்லப் போவதில்லை.

இரண்டாம் படி: காசு கட்டுமுன் ஒரு வகுப்பில் போய் இருங்கள்

நீங்கள் படித்த பாடசாலை அதிபரிடம் போய்க் கேளுங்கள். "சேர், ஒரு கிழமைக்கு ஆங்கில வகுப்பில் பின்வாங்கில் இருந்து பார்க்கலாமா?" என்று மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். பாடசாலை கிடைக்காவிட்டால் கோயில் அறநெறி வகுப்பு நடக்கும் மண்டபம், தேவாலய மறைக்கல்வி வகுப்பு, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் என்று எங்காவது தொடங்குங்கள்.

போகும்போது ஒரு கொப்பி கொண்டு போங்கள். பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். ஒரு பக்கம் ஆசிரியர் ஆங்கிலத்தில் பேசும் ஒவ்வொரு வசனத்துக்கும் ஒரு கோடு. மறுபக்கம் பிள்ளைகள் தாங்களாகப் பேசும் ஒவ்வொரு ஆங்கில வசனத்துக்கும் ஒரு கோடு. "யெஸ் மிஸ்" என்பதை எண்ண வேண்டாம். ஆசிரியர் சொன்னதை வகுப்பே சேர்ந்து திருப்பிச் சொன்னால் அதையும் எண்ண வேண்டாம். பாடவேளை முடிந்ததும் இரண்டு பக்கத்தையும் பாருங்கள். என்னுடைய பயிற்சிக் காலத்தில் என் வகுப்பையே ஒரு தோழி இப்படி எண்ணித் தந்தாள். என் பக்கம் இடமில்லாமல் கோடுகள் நிரம்பி வழிந்தன, பிள்ளைகள் பக்கம் மூன்று கோடு. நாற்பது பிள்ளைகள் இருந்த வகுப்பு அது. அன்றைக்குப் பிறகுதான் நான் கற்பிக்கவே தொடங்கினேன் என்று சொல்வேன்.

மூன்றாம் படி: உங்கள் ஆங்கிலத்தை அளந்து பாருங்கள்

கொழும்பில் ஆங்கிலம் சரளமாகப் பேசுகிறவர்கள் ஏராளம். பேசுவது ஒன்று, ஒரு பிள்ளையின் கட்டுரையில் பிழை எங்கே, ஏன் என்று சொல்வது இன்னொன்று. தரம் 8 விஞ்ஞானப் புத்தகத்தின் ஆங்கிலப் பதிப்பை எடுங்கள். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் மூன்று மொழியிலும் பாடப்புத்தகங்களை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஒரு பக்கத்தைச் சத்தமாக வாசித்துக் கைப்பேசியில் பதிவு செய்து மறுநாள் கேளுங்கள். அப்புறம் அந்தப் பக்கத்தை ஐந்து வசனத்தில் ஆங்கிலத்தில் சுருக்கி எழுதி, நம்பிக்கையான ஒருவரிடம் திருத்தக் கொடுங்கள். சிவப்புக் கோடு நிறைய வந்தால் மனம் தளர வேண்டாம். ஆசிரியப் பயிற்சிக்கு முன் மொழியைத் தேற்றிக்கொள்ள ஓராண்டு ஒதுக்குங்கள். ஆங்கிலம் தடுமாறும்போது கற்பித்தல் முறைகளைப் படிப்பது இரட்டைச் சுமை.

நாலாம் படி: எந்தக் கதவு

அரச பாடசாலையில் ஆங்கில ஆசிரியராக வர, உயர்தரம் முடித்த பிள்ளைகளுக்கு நேர் வழி தேசிய கல்வியியற் கல்லூரி. உயர்தரப் பெறுபேற்றை வைத்துத் தெரிவு நடக்கிறது. வர்த்தமானியில் அறிவித்தல் வரும், தமிழ்ப் பத்திரிகைகளிலும் வரும். மூன்று ஆண்டுப் பயிற்சி: முதல் இரண்டு ஆண்டு கல்லூரி விடுதியில், மூன்றாம் ஆண்டு ஒரு பாடசாலையில் உள்ளகப் பயிற்சி. கொழும்புக்குக் கிட்ட ஆங்கில ஆசிரியர்களைப் பயிற்றும் கல்லூரி களுத்துறைப் பக்கம் உள்ள பஸ்துன்ரட்ட. வீட்டை விட்டு விடுதியில் இருக்க வேண்டுமே என்று பல அம்மாமார் தயங்குவார்கள். அந்த அம்மாமாருக்கு நான் சொல்வது: அங்கே பிள்ளை காலை முதல் இரவு வரை ஆங்கிலத்தோடு இருக்கும், இந்த வாய்ப்பு வெள்ளவத்தை வீட்டில் கிடைக்காது.

பட்டம் இருப்பவர்களுக்கு வேறு வழி. பட்டதாரி ஆசிரியர் ஆட்சேர்ப்பை மத்திய அமைச்சும் மாகாண நிர்வாகமும் தனித்தனியே நடத்தும். தேசிய பாடசாலைகள் பத்தரமுல்லை இசுறுபாயவில் உள்ள கல்வி அமைச்சின் கீழ். மற்றவை மேல் மாகாணத்தின் கீழ். உங்கள் வீடு இருக்கும் இடத்தைப் பொறுத்து கொழும்பு, ஸ்ரீ ஜயவர்தனபுர, பிலியந்தலை, ஹோமாகம என்று வலயக் கல்வி அலுவலகம் மாறும். எந்த வலயம் என்று முதலே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். நியமனம் கிடைத்த பிறகு பட்டப்பின் கல்வி டிப்ளோமா செய்வார்கள். கொழும்புப் பல்கலைக்கழகக் கல்விப் பீடம், மகரகமவில் உள்ள தேசிய கல்வி நிறுவகம், நாவலயில் உள்ள இலங்கை திறந்த பல்கலைக்கழகம் மூன்றிலும் அது உண்டு. மகரகமவுக்குக் கோட்டையிலிருந்து 138 பஸ்.

வேலையும் குடும்பமும் உள்ளவர்களுக்கு நான் அதிகம் சொல்வது திறந்த பல்கலைக்கழகத்தைத்தான். 1980இல் தொடங்கிய இந்தப் பல்கலைக்கழகம் தொலைக்கல்வி முறையில் நடக்கிறது. ஆங்கிலத்திலும் ஆங்கிலம் கற்பித்தலிலும் பட்டம், அதற்கு மேல் ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பிப்பதில் பட்டப்பின் டிப்ளோமா, முதுமாணி என்று ஏணி இருக்கிறது. இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு இந்த ஏணியில் ஏறியவர்களை எனக்குத் தெரியும்.

தனியார் நிறுவனங்களுக்கும் வெளிநாட்டு வேலைக்கும் கேட்கப்படுவது, ஆங்கிலம் கற்பிப்பவர்களுக்குக் கேம்பிரிட்ஜ் வழங்கும் செல்ட்டா சான்றிதழ். 120 மணி நேரப் பாடநெறி. அதில் 6 மணி நேரம் நீங்கள் உண்மையான மாணவர் முன் கற்பிக்க, பயிற்றுநர் பின்னால் இருந்து பார்த்துக் குறிப்பெழுதுவார். இன்னும் 6 மணி நேரம் அனுபவமுள்ள ஆசிரியர்களின் பாடத்தைப் பார்க்க வேண்டும். நான்கு எழுத்து ஒப்படைகளும் உண்டு. செலவு கூடியது, உழைப்பும் கூடியது. அந்தளவு முடியாதவர்கள் அதே கேம்பிரிட்ஜ் ஆசிரியர்களின் கற்பித்தல் அறிவைச் சோதிக்க நடத்தும் டி.கே.டி. பரீட்சையைப் பார்க்கலாம். ஒவ்வொரு பகுதியும் 80 நிமிடம், 80 பல்தேர்வு வினா. பாடத்தையும் மொழியையும் சேர்த்துக் கற்பிப்பதற்கென்றே அதில் தனிப் பகுதி ஒன்று இருக்கிறது. இருமொழி ஆசிரியர்கள் அதையே முதலில் எடுக்கலாம். கொள்ளுப்பிட்டியில் உள்ள பிரிட்டிஷ் கவுன்சிலில் இவற்றைப் பற்றி நேரில் விசாரியுங்கள். இந்தச் சான்றிதழ்கள் மட்டும் அரச நியமனம் தந்துவிடாது என்பதையும் மனதில் வையுங்கள்.

இப்போது ஒரு எச்சரிக்கை. "ஆங்கில ஆசிரியர் டிப்ளோமா, மூன்று மாதம், வார இறுதியில்" என்ற விளம்பரங்களை நகரில் எங்கும் பார்ப்பீர்கள். நானும் இருபத்திரண்டு வயதில் அப்படி ஒன்றுக்கு, அம்மாவின் சீட்டுக் காசில் பணம் கட்டினேன். பன்னிரண்டு சனிக்கிழமை போனேன். குறிப்புகள் தந்தார்கள், எழுதினேன், கடைசியில் சட்டம் போட்ட சான்றிதழ் வந்தது. ஒரு பிள்ளையின் முன்னால் ஒரு நிமிடம்கூட நிற்க விடவில்லை. அந்தச் சான்றிதழை எந்த நேர்முகத்திலும் யாரும் கையில் எடுத்துப் பார்த்ததில்லை. ஆகவே எந்த நிறுவனத்துக்குப் போனாலும் ஒரே கேள்வியை முதலில் கேளுங்கள்: "நான் எத்தனை மணி நேரம் கற்பிப்பேன், அதை யார் இருந்து பார்ப்பார்?" பதில் மழுப்பலாக வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். பட்டம் தருவதாகச் சொன்னால் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அங்கீகாரத்தையும், தொழிற்பயிற்சி என்றால் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவின் பதிவையும் சரிபாருங்கள்.

ஐந்தாம் படி: உங்கள் தமிழை வேலைக்கு எடுங்கள்

பயிற்சி வகுப்புகளில் இதை யாரும் போதிய அளவு சொல்வதில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

"வகுப்பில் தமிழே பேசக் கூடாது" என்று எனக்குச் சொல்லித்தான் அனுப்பினார்கள். ஆனால் தமிழ் பேசும் பிள்ளைக்குத் தடம் பிசகும் இடங்களை அறிய, தமிழ் தெரிந்த ஆசிரியரைவிடப் பொருத்தமானவர் யார்? யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்து, பின்னர் அமெரிக்காவில் பேராசிரியரான சுரேஷ் கனகராஜா, யாழ்ப்பாணத்து ஆங்கில வகுப்புகளில் ஆசிரியரும் மாணவரும் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாறி மாறிப் பேசுவதை 1990களில் ஆராய்ந்து எழுதினார். அந்த மாற்றத்துக்குக் காரணமும் பயனும் உண்டு என்று காட்டியவர் அவர். நம் வகுப்பறையைப் பற்றி நம்மவர் செய்த வேலை என்பதால் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளிடம் முதலில் அவர் பெயரைச் சொல்வேன்.

நடைமுறையில் எப்படி? மூன்று இடங்களைக் காட்டுகிறேன்.

ஒலி. பிள்ளைகள் ஆங்கிலச் சொல்லின் மேல் பென்சிலால் தமிழ் எழுத்தில் உச்சரிப்பை எழுதி வைப்பார்கள். பைக்கு ஒரு ஆங்கிலச் சொல், முதுகுக்கு ஒன்று, பொதிக்கு ஒன்று. மூன்றையும் தமிழில் எழுதிப் பாருங்கள்: பக், பக், பக். நம் எழுத்தில் ப ஒன்றுதான், க ஒன்றுதான். பிள்ளை மூன்றையும் ஒரே சொல்லாக மனனம் செய்துவிடும். திட்டினால் பயனில்லை. உள்ளங்கையை வாய்க்கு முன் பிடிக்கச் சொல்லுங்கள். பொதிக்கான சொல்லைச் சொல்லும்போது காற்று கையில் மோதும், பைக்கான சொல்லுக்கு மோதாது. தரம் 4 பிள்ளைகள் இதை ஒரு விளையாட்டாகவே செய்வார்கள். அப்படியே சொல்லின் கடைசியில் உகரம் சேர்த்து "புக்கு", "பஸ்ஸு" என்பதும் தமிழின் பழக்கம். அது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் திருத்துவது இலகு.

வினை. என்னிடம் பயிற்சிக்கு வந்த ஒரு தங்கச்சி தரம் 6இல் "ஷீ கோஸ்" பாடத்தை எடுத்தாள். விதியைக் கரும்பலகையில் எழுதினாள், பிள்ளைகள் கொப்பியில் எழுதினார்கள், ஐந்து நிமிடத்தில் "ஷீ கோ டு ஸ்கூல்" என்று கேட்டது. இடைவேளையில் வந்து, "அக்கா, எத்தனை தரம் சொன்னாலும் ஏறுதில்லை" என்றாள். அடுத்த வகுப்பில் தமிழிலிருந்து தொடங்கச் சொன்னேன். நான், நீ, அவன், அவள், நாங்கள், அவர்கள் என்று எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே 'போ' என்ற வினை எப்படி வரும் என்று கேட்டாள். போகிறேன், போகிறாய், போகிறான், போகிறாள், போகிறோம், போகிறார்கள். "எத்தனை வால் இருக்கு?" என்றாள். ஆறு என்றார்கள். "இங்கிலிஷில் ஒரே ஒரு வால்தான். அவன், அவள், அது என்றால் மட்டும் ஒட்டும்." பின்வாங்கிலிருந்து ஒரு பையன், "அவ்வளவுதானா மிஸ்?" என்றான். அவனுக்கு ஆங்கிலம் திடீரென்று எளிதாகிவிட்டது. மறந்துபோன பிள்ளையைப் பார்த்து மற்றப் பிள்ளைகளே "வால், வால்" என்று நினைவூட்டினார்கள்.

வசன அமைப்பு. "எனக்குப் பசிக்கிறது", "எனக்கு இரண்டு தம்பிமார்" என்று நாம் எனக்கு என்று தொடங்கும் இடங்களில் ஆங்கிலம் நான் என்று தொடங்கும். அதை ஒரு முறை தமிழில் பக்கத்தில் வைத்துக் காட்டிவிட்டு, பிறகு முழுக்க ஆங்கிலத்தில் பேசவிடுங்கள். "தம்பிக்கும் அண்ணாவுக்கும் ஒரே சொல்லா மிஸ்? அப்ப சின்னம்மாக்கும் மாமிக்கும்?" என்று கேள்வி வரும். அந்தக் கேள்விக்கு ஐந்து நிமிடம் கொடுங்கள், அது வீணாகாது.

ஒரு எல்லையும் வேண்டும். வணக்கம், இருங்கள், கொப்பியைத் திறவுங்கள், இரண்டு பேராகச் சேருங்கள் என்பவை முதல் நாளிலிருந்து ஆங்கிலத்தில்தான். பாடப்புத்தகத்தை வரிவரியாகத் தமிழாக்கிச் சொல்வதைச் செய்யாதீர்கள். அப்படிச் செய்தால் பிள்ளைகள் ஆங்கில வரியைக் கேட்காமல் தமிழ் வரிக்காகக் காத்திருப்பார்கள்.

ஆறாம் படி: இருமொழி வகுப்புக்குப் போகிறவர்கள்

கனடாவைச் சேர்ந்த கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் 1979இலேயே ஒரு வேறுபாட்டைச் சொன்னார். விளையாட்டிலும் கடையிலும் பேசும் மொழி ஒன்று, பாடம் படிக்கும் மொழி வேறொன்று. புதிய மொழியில் பேச்சு சுமார் இரண்டு ஆண்டில் வந்துவிடலாம். பாட மொழி வகுப்புத் தரத்தை எட்ட 5 முதல் 7 ஆண்டு வரை ஆகலாம். தரம் 6இல் இருமொழி வகுப்புக்கு வரும் பிள்ளை ஆங்கிலத்தில் நன்றாகக் கதைக்கிறதே என்று நாம் ஏமாறுவது இங்கேதான். கதைக்கும் பிள்ளை, "நீர் ஏன் ஆவியாகிறது" என்று எழுத உட்கார்ந்தால் திணறும்.

விஞ்ஞானத்தில் ஒரே ஆங்கிலச் சொல் பல வேடம் போடும். கொட்டாஞ்சேனையில் ஒரு வகுப்பில் "மாஸ் என்றால் என்ன?" என்று ஆசிரியர் கேட்டார். முன்வாங்குப் பிள்ளை உடனே, "ஞாயிற்றுக்கிழமை பூசை" என்றது. பிழையில்லையே! ஆசிரியர் அந்தப் பதிலையும் பலகையில் எழுதி, பக்கத்தில் திணிவு என்று எழுதினார். அப்படியே "வொலியூம்" வானொலிச் சத்தமும் கனவளவும், "சொலூஷன்" கணிதத்தில் தீர்வு, விஞ்ஞானத்தில் கரைசல். இப்படிப்பட்ட சொற்களுக்கு வகுப்புச் சுவரில் ஒரு பெரிய தாள் ஒட்டி, வாரம் ஐந்து சொல் சேர்த்து வாருங்கள். தமிழ்ச் சொல் கட்டாயம் பக்கத்தில் இருக்க வேண்டும். ஒளித்தொகுப்பு என்ற சொல் தெரியாமல் அதன் ஆங்கிலப் பெயர் மட்டும் தெரிந்த பிள்ளைக்கு, வீட்டில் அம்மாவுக்கு அந்தப் பாடத்தை விளக்க முடியாது. இது எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம். இருமொழி என்றால் இரண்டும் வளர வேண்டும்.

வேல்ஸில் கல்வி ஆய்வாளர் கென் வில்லியம்ஸ் 1994இல் எழுதிய ஒரு முறை நமக்கு நன்றாகப் பொருந்தும்: ஒரு மொழியில் வாசிக்க வைத்து, மறு மொழியில் பேசவோ எழுதவோ வைப்பது. ஆங்கிலத்தில் பத்தியை வாசித்து, நால்வராகத் தமிழில் விவாதித்து, திரும்ப ஆங்கிலத்தில் மூன்று வசனம் எழுதும் பாடத்தைத் திட்டமிட்டுப் பாருங்கள். எழுதுவதற்கு அரைவசனங்களைப் பலகையில் போட்டுக் கொடுங்கள், "இதற்குக் காரணம்…", "வெப்பம் கூடும்போது…" என்பவற்றின் ஆங்கில வடிவம் போல. பிள்ளை மீதியை நிரப்பட்டும். பாட ஆசிரியரும் ஆங்கில ஆசிரியரும் வாரத்தில் ஒரு ஓய்வுப் பாடவேளையில் சேர்ந்து இருந்து அடுத்த வாரச் சொற்களைப் பார்த்தால் போதும், இருவருக்கும் வேலை குறையும்.

ஏழாம் படி: முதல் பாடம்

முதல் பாடத்துக்கு 40 நிமிடத்துக்கு மேல் திட்டமிடாதீர்கள். ஒரே ஒரு இலக்கு: பாடம் முடியும்போது ஒவ்வொரு பிள்ளையும் எந்த வசனத்தைத் தானாகச் சொல்லும்? அதைக் கொப்பியின் உச்சியில் எழுதுங்கள். முதல் 5 நிமிடம் படம் அல்லது பொருள் காட்டிப் பேச்சு. அடுத்த 10 நிமிடம் புதிய மொழி. மீதியில் பெரும்பகுதி பிள்ளைகள் இரண்டிரண்டு பேராக ஒருவரை ஒருவர் கேட்பது. நீங்கள் நடந்து கேட்டு, பிழைகளை ஒரு துண்டில் குறியுங்கள். கடைசி 5 நிமிடத்தில் யாருடைய பிழை என்று சொல்லாமல் இரண்டு பிழையைப் பலகையில் போட்டு வகுப்பையே திருத்தச் சொல்லுங்கள். நாற்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் பேசினால் சத்தம் வரும். பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

எட்டாம் படி: நியமனத்துக்குப் பிறகு

பிரதேச ஆங்கில உதவி நிலையங்கள் ஆசிரியர்களுக்குச் சேவைக்காலப் பயிற்சி நடத்துகின்றன. உங்கள் வலயத்து ஆசிரிய ஆலோசகரிடம் கேட்டு அட்டவணையை வாங்குங்கள். இலங்கை ஆங்கில மொழி ஆசிரியர் சங்கம் ஒன்றும் இருக்கிறது. அங்கே சிங்கள மொழிமூலப் பாடசாலை ஆசிரியர்களையும் சந்திப்பீர்கள். அவர்கள் பிள்ளைகள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள், நம் பிள்ளைகளைப் பற்றியும் நிறையப் புரியும்.

ஆனால் அதற்கெல்லாம் முன், அந்தக் கோடு போடும் கொப்பி. தவணைக்கு ஒரு தடவை ஒரு சக ஆசிரியரைப் பின்வாங்கில் இருத்தி உங்கள் வகுப்பை எண்ணச் சொல்லுங்கள். நான் இன்றும் செய்கிறேன். போன தவணை பிள்ளைகள் பக்கத்தில் நாற்பத்தொரு கோடு இருந்தது.